நடுவில் ஒரு க்

பால்காரியாம். 'தமக்குப் பால் அளந்த ஏழைப் பெண்ணுக்கும் தம் நிலத்தில் ஆறடி தந்த கருணையாளர்' என்று கல்லறைக் கல்லில் வெட்டப்போகிறார்களாம். காலையிலிருந்து இந்த ஒரு வரி சோடா குடித்த மாதிரி நெஞ்சுக்குள் மேலே மேலே வந்துகொண்டிருக்கிறது. கோதுமைத் தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு மாவு மில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் இல்லை. எங்கள் மலையூர் சோலட்டியில் மேகம் கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், கரண்ட் முதலில் போய்விடும், மழை அப்புறம் யோசித்து வரும். எனக்கு முன்னால் ராகி மூட்டையோடு குல்லாப் போட்ட ஒருவர், அவருக்கு முன்னால் மல்லியும் மிளகாயும் வறுத்து எடுத்துவந்த ஒரு பெண், தூக்கு மூடி இடுக்கிலிருந்து வரும் காரத்தில் எல்லோருக்கும் தொண்டை கமறுகிறது. வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வரலாம். ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் தேவசித்தம் சாருக்கு போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அவர் எங்கள் சபையின் பாரம்பரியக் குழுச் செயலாளர், கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், அதுதான் தொந்தரவு. கெட்ட மனிதர் இப்படி எழுதியிருந்தால் நாலு பேருக்கு முன்னால் கிழித்துப் போட்டிருப்பேன். நல்லவர் எழுதிய கருணைக்கு என்ன செய்வது? "கல்வெட்டுக்காரர் உளியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார் சிஸ்டர், சாயங்காலத்துக்குள்ள ஒரு ஓகே சொல்லிடுங்க, ஞாயித்துக்கெழமை துரையோட ஊர்க்காரங்க ஸ்விட்சர்லாந்துல இருந்து வர்றாங்க" என்றார். என் ஓகே இல்லாமல் கல்லில் ஒரு எழுத்தும் ஏறாது என்று போதகர் சொல்லிவிட்டார். அந்தக் கருணையாளர் என்ற வெள்ளைக்காரனின் வாழ்க்கையைத் தேடி எடுத்ததே நான்தானே.

மெல்கியோர் ஷ்டுடர். பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இந்த ஊர் அவனை மாவு துரை என்று சொல்லி முடித்துவிட்டது. சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் தண்ணீரில் சுற்றும் மாவு மில் வைத்திருந்தவனின் மூன்றாவது மகன், மூத்தவனுக்குத்தான் மில் போகும், மூன்றாமவனுக்கு வாய் மட்டும்தான் மிச்சம், அதனால் ஒரு மிஷனில் கைத்தொழில்காரனாகச் சேர்ந்து கப்பலேறி மலபாருக்கு வந்தான். எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது. ஞானஸ்நானம் எந்தக் கிழமை, காது குத்தாத குறைதான், மற்ற எல்லாம் இருக்கிறது. அந்த ஊர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் எனக்கு மெயிலில் அனுப்பினாள், அவன் அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அம்மாவின் அம்மா எந்த ஊர்க்காரி, ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் தாங்கியது யார் என்பது வரை. கணக்கு டீச்சராக முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான், இத்தனை ஒழுங்கைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம் மிஷன் ரிப்போர்ட்: நல்ல தச்சன், பாட வராது, உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அப்புறம் இன்னொரு ரிப்போர்ட்: ஒழுங்கற்ற வாழ்வின் காரணமாக நீக்கப்பட்டான். ஒழுங்கற்ற வாழ்வு. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அவளுக்குப் பெயர் கிடையாது, அவள் ஒரு ஒழுங்கின்மை, அவ்வளவுதான். அப்புறம் இந்த மலைக்கு ஏறி வந்து ஓடையைக் குத்தகைக்கு எடுத்த தாள், பட்டாளத்து ரொட்டிக்குக் கோதுமை அரைத்துக் கொடுக்க ஒப்பந்தத் தாள், மில் சக்கரத்தால் தண்ணீர் கலங்குகிறது என்று கீழே பங்களாவிலிருந்த துரைசானி எழுதிய புகார், அதற்கு அவன் எழுதிய முரட்டுப் பதில். கடைசியில் சாவு. எல்லாவற்றிலும் அவன் இருக்கிறான், தும்மியது வரை பதிந்து வைத்திருக்கிறார்கள். அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் எங்கேயும் இல்லை.

இருக்கிறாள், ஒரே ஒரு இடத்தில். கல்லறையில், அவனுக்கு இடது பக்கத்தில், கல் இல்லாத மேட்டில். அப்பா என்னை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப்போயிருக்கிறார். சின்னப் பிள்ளை நான், கல்லறைத் திருநாளுக்குச் சாமந்திப்பூ வாங்கி எல்லாரும் அவரவர் குழிகளுக்கு வைத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வேலியோரம் போய் அந்த மேட்டில் ஒரு கைப்பூவை வைத்தார். யாருப்பா என்றேன். "நம்ம ஆளு" என்றார். பேர் என்னப்பா என்றேன். நடடி என்றார். அதற்கு மேல் கேட்டால் அடி விழும். அவருக்குப் பூனைக்கண், பள்ளிக்கூடத்தில் பூனைக்கண்ணா என்று கூப்பிட்டே வளர்த்திருக்கிறார்கள், துரைக்குப் பிறந்த வம்சமடா என்று ஒருவன் சிரித்ததற்கு அவன் பல்லை உடைத்தவர். அந்த வம்சத்தைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது. அப்பாவின் அப்பா சாமுவேல். எம். சாமுவேல். மிஷன் போர்டிங் பள்ளிச் சேர்க்கையில் ஆறு வயதுப் பையன், தாய் இறந்தாள், தகப்பன் பெயர் என்ற இடம் காலி. பெற்ற தகப்பன் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மில் ஓட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறான், இடம் காலி. ஆனால் இனிஷியல் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, எம். எம் என்றால் மெல்கியோர் என்று குழுக் கூட்டத்தில் நான் சொன்னபோது தேவசித்தம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எம்முன்னா மாணிக்கமாவும் இருக்கலாம், முருகேசனாவும் இருக்கலாம் சிஸ்டர், ஆதாரம் வேணும்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனுஷி அவனோடு வாழ்ந்து, அவன் பிள்ளையைப் பெற்று, அவன் பக்கத்தில் புதைந்து கிடக்கிறாள், அவளுக்கு நான் ஆதாரம் கொடுக்க வேண்டும். அவன் தும்மலுக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவள் நான்.

சரி, கல்லறை ரிஜிஸ்டரைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் நானும் நினைத்தேன். பார்க்கவிடவில்லை, தாள் தொட்டால் உதிர்கிறது, குழுதான் பார்க்கும் என்றார்கள். குழு பார்த்தது. பார்த்துவிட்டு, தமிழில் எழுதிக் கொடுத்தது: பக்கத்துக் குழி, உள்நாட்டுப் பெண், பால்காரி, ஷ்டுடரின் அனுமதியோடு, கல்லறையில் அவர் வாங்கிவைத்த நிலத்தில் அடக்கம். முடிந்தது. அதற்கப்புறம் அவர்கள் போட்ட நினைவு மலரில் அது ஒரு கதையாக வளர்ந்துவிட்டது, குளிரில் நடுங்கிக்கொண்டு விடிகாலையில் துரைக்குப் பால் கொண்டுவரும் விதவை, அவள் செத்ததும் அனாதைப் பிணமாகக் கிடக்க மனம் பொறுக்காத துரை. விதவை எங்கிருந்து வந்தாள்? அனாதைப் பிணம் எங்கிருந்து வந்தது? பால் விற்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அவள் பால்காரியாக இருந்திருந்தால், பால்காரி, மெல்கியோரின் மனைவி என்று நானே தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருப்பேன். மனைவியை அழித்துவிட்டு, அழித்த இடத்தில் கருணையைத் தடவுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது, இவர்கள் இப்போதுதான் அவளுக்குப் பால் ஊற்றியிருக்கிறார்கள். அவனை மட்டும் சும்மா விடலாமா? துரைசானிக்கு முரட்டுப் பதில் எழுதத் தெரிந்தவனுக்கு, குத்தகைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்கு, என் மனைவி என்று ஒரு தாளில் ஒரு தடவை எழுத வரவில்லையா? எழுதினானோ, பாதிரி கிழித்தாரோ. கல்யாணம் செய்துவை என்று கேட்டதற்குத்தான் மிஷன் துரத்தியதோ. தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்கு வாய்த்த சொத்து.

நான் போட்ட சண்டையில் இன்று காலை ரிஜிஸ்டரின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். இப்போது மறுபடியும் போனை எடுத்து விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சாய்ந்த ஆங்கில எழுத்து, பாதிரி அவசரக்காரர், மையில் தண்ணீர் அதிகம். எம், ஐ, எல், கே. அப்புறம் ஏ, ஆர், ஏ, எம், எம், ஏ. ஒரே வார்த்தையாகச் சேர்த்து எழுதியிருக்கிறார். முதல் நாலு எழுத்து மில்க், மிச்சம் காரம்மா என்பதில் மிச்சம். பால்காரம்மா. நானும் காலையில் அப்படித்தான் படித்தேன், குழு பொய் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறது, இனி நான் எதை வைத்துச் சண்டை போடுவது. ஓகே என்று தட்டி அனுப்பப் போனேன், அனுப்பியும் இருப்பேன், கோதுமை நினைவுக்கு வந்து எழுந்துவிட்டேன். உங்களுக்கு என்ன வந்தது டீச்சர், செத்தவர்களுக்காக இவ்வளவு கோபமா என்று எதிர்வீட்டு மெர்ஸி கேட்கிறாள். செத்தவர்களுக்கு யார் கோபப்படுவது? அவர்களால் முடியாதே. எனக்கும் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, நான் போனால் வேலியோரத்து மேட்டை நம்ம ஆளு என்று சொல்ல ஒரு வாய் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கல்லை நட்டுவிட்டால் அவள் அந்த ஏழைப் பால்காரிதான், என்றைக்கும். கல்லில் இருப்பதை யார் மறுத்துப் பேசுவார்கள்?

கரண்ட் வந்துவிட்டது. குண்டு பல்பு முதலில் மினுக்கி, மோட்டார் உறுமி, பெல்ட் ஒரு அறை அறைந்து ஓட ஆரம்பித்தது. பெஞ்சு, சுவர், என் முழங்கால் எல்லாம் சேர்ந்து நடுங்குகின்றன. மில்காரர் சாக்கு மேலே ஏறி நின்று மிளகாயைத் தனி மிஷினில் கொட்டுகிறார். அவர் மனைவி கோதுமை மிஷின் பக்கம், முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் மாவு, குழாயில் கட்டிய துணிப்பையைத் தட்டித் தட்டி விடுகிறாள். சுடு மாவின் வாசனை வருகிறது. இந்த வாசனையில்தான் அவளும் இருந்திருப்பாள் என்று திடீரென்று தோன்றியது, பால் வாசனையில் இல்லை, ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, இரண்டும் ஒட்டவில்லை, விடிகாலையில் பால் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு மில்லுக்குள் என்ன வேலை. தும்மினேன். பக்கத்தில் குல்லாக்காரர் பொறுமையிழந்து எழுந்து நின்று, மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"ஏனுங்க மில்காரம்மா! நம்ம ராகியை எப்பங்க போடுவீங்க?"

மில்காரம்மா கையைக் காட்டி, இருங்க, என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். தூக்கு உருண்டு கோதுமை கொஞ்சம் சிந்தியது, குல்லாக்காரர் குனிந்து அள்ளுகிறார், நான் அப்படியே நிற்கிறேன். மில்காரம்மா. எம், ஐ, எல். அங்கே நிறுத்த வேண்டும். அங்கே நிறுத்திவிட்டு, அப்புறம் கே, ஏ, ஆர். மில். காரம்மா. மடச்சி, மடச்சி, பட்டப்பகல் மாதிரி இருக்கிறதே. எவன் வாயிலாவது மில்க்காரம்மா என்று இன்றைக்கு வரைக்கும் வந்திருக்கிறதா? காப்பிக்கடையில் மில்க் கேட்பான், மில்க் ஷேக் கேட்பான், ஆனால் வாசலில் வருகிறவளைப் பால்காரம்மா என்றுதான் சொல்வான். அந்தக் காலத்தில், இந்த மலையில், கோதுமையும் பார்லியும் தலையில் சுமந்து வந்த சனம் ஒரு பால்காரியை இங்கிலீஷில் கூப்பிட்டார்களா? மெத்தப் படித்த குழு அதை ஒரு நிமிஷம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் போதுமே! மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாலேயே படித்தார்கள், இங்கிலீஷ் எழுத்து என்றால் இங்கிலீஷ் வார்த்தைதான் என்று. பாதிரி கேட்டிருப்பார், செத்தது யார்? குழி வெட்டியவர்கள் சொல்லியிருப்பார்கள், மில்காரம்மாங்க. பெயர் போலிருக்கிறது என்று அவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். மில்லில் மூட்டை தூக்குகிறவளை, கூட்டிப் பெருக்குகிறவளை யாரும் மில்காரம்மா என்று சொல்லமாட்டார்கள். மில்காரன் யாரோ அவன் வீட்டுக்காரிதான் மில்காரம்மா, இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. மிஷன் எழுதாத கல்யாணத்தை, பாதிரி எழுதாத கல்யாணத்தை, அவனே எழுதாத கல்யாணத்தை, ஊர் வாயால் எழுதி வைத்திருக்கிறது. போனைப் போட்டேன்.

"சார்! அது பால் இல்ல சார்! மில்!"

"சிஸ்டர், என்ன ஒரே எரைச்சலா இருக்கு? மில்க்கா? அதான் நாங்களும் போட்ருக்கோம்."

"மில்க் இல்ல சார், மில்! மில்லு! மாவு அரைக்கிற மில்லு!"

"மில்க்குல மாவா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். மழை தூறுகிறது, தூறட்டும். "சார், அந்த வார்த்தையை நீங்க ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. இங்கிலீஷா படிக்காதீங்க, தமிழா படிங்க" என்றேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். கண்ணாடி மாட்டிக்கொள்ளும் நேரம். "மில்க்… கார… மில்… மில்காரம்மா" என்றார். இன்னொரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார், அவர் மனைவி உள்ளேயிருந்து எந்த மில்காரம்மா, நம்ம பஜார் மில்காரம்மாவா என்று கேட்பது எனக்கே கேட்டது.

"அடக் கடவுளே" என்றார் தேவசித்தம் சார். "சிஸ்டர், மன்னிச்சிருங்க. நான் போய்…"

"மன்னிப்பெல்லாம் அவகிட்ட போய்க் கேளுங்க சார், வேலியோரத்துல. கருணையாளர்னு வெட்டக்கூடாது. பால்காரின்னு வெட்டக்கூடாது. ஷ்டுடரின் மனைவின்னு வெட்டணும்."

"கல்யாண ரிஜிஸ்டர் இல்லையே சிஸ்டர்…"

"இதுதான் சார் கல்யாண ரிஜிஸ்டர்! ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்ருக்கு, இதுக்கு மேல என்ன சார் வேணும்?" கத்திவிட்டேன். ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், சுகிர்தம் டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று. பார்க்கட்டும். அப்பா இப்படி ஒரு தடவை கத்தியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அவர் குரல் இறங்கியிருந்தது. "சரி சிஸ்டர். மனைவின்னே போடறேன், போதகர்கிட்ட நானே பேசறேன். ஆனா பேரு? பேரு தெரியாம கல்லுல என்ன போடுறது?"

அவன் அம்மாவின் அம்மா ஊர் வரை எனக்கு மனப்பாடம், இவள் பெயர் யாருக்கும் தெரியாது. கூப்பிட்டிருப்பான், மில்லுக்கு மேலே கத்தி ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான், அவன் நாக்கில் அது எப்படியெல்லாம் புரண்டதோ. "மில்காரம்மான்னே போடுங்க" என்றேன். "தமிழ்ல மட்டும் போடுங்க, இங்கிலீஷ்ல வேண்டாம், மறுபடியும் எவனாவது பாலை ஊத்துவான். கல்வெட்டுக்காரர்கிட்ட நீங்களே பக்கத்துல நின்னு சொல்லுங்க சார், மில்லுக்குப் பக்கத்துல கா. நடுவுல ஒரு க் வரக்கூடாது." வராது சிஸ்டர், வராது, நான் அங்கேயே நிக்கிறேன் என்றார். வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தபோது கோதுமை மிஷினில் என் மாவு விழுந்து முடிந்திருந்தது. துணிப்பையைக் கடைசியாக இரண்டு தட்டுத் தட்டி, மில்காரம்மா தூக்கை மூடித் தந்தாள். "சூடா இருக்குதுங்க டீச்சர், மூடியைக் கொஞ்சம் தெறந்தே வைங்க, இல்லாட்டி வேர்த்துப் போகும்" என்றாள். எல்லா வாரமும் இதையேதான் சொல்வாள். தூக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன், மழைக் குளிருக்கு இதமாக இருந்தது. அப்படியே நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க பேர் என்னங்க?" என்றேன்.

"எம் பேருங்களா?" முந்தானையை மூக்கிலிருந்து இறக்கிச் சிரித்தாள். "எதுக்குங்க டீச்சர்? மில்காரம்மான்னு கேட்டாப் போதும், இந்த பஜார்ல யாரும் கையைக் காட்டுவாங்க."

"தெரியும். பேரைச் சொல்லுங்க."

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. சொன்னாள். அதற்குள் மில்காரர் அந்தப் பக்கம் ராகியைக் கொட்டி மிஷினை ஓடவிட்டார். உதடு அசைந்தது தெரிந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சிந்திய மாவை மிதித்துக்கொண்டு அவள் வாயருகே காதைக் கொண்டுபோனேன்.

இன்னொரு தடவை சொல்லுங்க, என்றேன்.